தாயும் சேயும்: கேளுங்கள், சொல்கிறேன்

பரீட்சை நேரம் என்பதால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நர்சிங் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து. மீதி, வீட்டில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எழுதியவை. இரண்டு தரப்பும் சுற்றிச் சுற்றி ஒரே விஷயங்களைத்தான் கேட்கிறார்கள், அதனால் பிரிக்காமல் கலந்தே பதில் எழுதியிருக்கிறேன். லேபர் வார்டிலும் குழந்தைகள் வார்டிலும் முப்பது வருடம் நின்றவள் நான். புத்தகத்தில் இருப்பதோடு அங்கே கண்ணால் பார்த்ததும் சேர்ந்துதான் வரும்.

மகப்பேறு, பச்சிளங்குழந்தை, குழந்தைகள் நலம் மூன்றையும் சேர்த்து ரிவிஷன் செய்கிறேன் மேடம். எண்கள்தான் குழப்புகின்றன. இரவு படிப்பது காலையில் மறந்துவிடுகிறது. மனப்பாடம் செய்ய ஏதாவது வழி இருக்கிறதா?
*மூன்றாமாண்டு மாணவி, திண்டுக்கல்*

ஒவ்வொரு எண்ணோடும் ஒரு குழந்தையைச் சேர்த்து வைத்துக்கொள், மறக்காது. மூச்சையே எடுத்துக்கொள்வோம். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, 2 மாதம் முதல் 1 வயது வரை 50, 1 வயது முதல் 5 வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். ஏன் சின்னதுக்கு எண் பெரிது? சின்ன நெஞ்சு ஒரு தடவைக்குக் கொஞ்சம் காற்றைத்தான் கொள்ளும், அதனால் அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. நெஞ்சு வளர வளர எண் இறங்குகிறது, பத்துப் பத்தாக. இவ்வளவுதான்.

இனி எண்ணும் விதம். குழந்தை அம்மா மடியிலேயே இருக்கட்டும், சட்டையை மட்டும் நெஞ்சுக்கு மேலே ஏற்றிவிடச் சொல். ஸ்டெத்தை வெளியே எடுக்காதே, பார்த்ததும் அழும், அழுதால் எண்ணிக்கை போச்சு. நெஞ்சும் வயிறும் சேரும் இடத்தில் கண்ணை வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணு. 15 நொடி எண்ணி நாலால் பெருக்குகிற வேலை பச்சிளங்குழந்தையிடம் நடக்காது, ஏனென்றால் அது கொஞ்ச நேரம் வேகவேகமாக மூச்சு விட்டு, சில நொடி சும்மா கிடந்து, மறுபடி ஆரம்பிக்கும். நீ எந்த 15 நொடியைப் பிடித்தாய் என்பதைப் பொறுத்து கணக்கே மாறிவிடும். 60 வந்தால் இன்னொரு முறை எண்ணிப் பார். எண்ணும்போதே மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்றும் பார், எண்ணைவிட அந்தக் குழி பேசும். பத்து குழந்தைகளை இப்படி எண்ணிப் பார்த்தவளுக்கு 60, 50, 40 ஜென்மத்துக்கும் மறக்காது.

பிரசவ தேதிக் கணக்கையும் கேட்டிருந்தாய். கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டு. மார்ச் 10 என்றால் டிசம்பர் 17. ஆனால் இது 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருபவர்களுக்கான கணக்கு. 35 நாள் சுற்று என்று அந்த அம்மா சொன்னால் இன்னும் 7 நாள் சேர்க்க வேண்டும். அதனால் தேதியைக் கேட்கும்போதே சுற்றையும் கேள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்து 4 மாதம் ஆகிறது. நைட் டியூட்டியில் நான் ஒருத்திதான். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே கை நடுங்குகிறது அக்கா. படித்ததெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வருமா?
*ஸ்டாஃப் நர்ஸ், ராமநாதபுரம் மாவட்டம்*

வரும்மா, கைக்குப் பழக்கியிருந்தால் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது பிரசவம், சுகப்பிரசவம், குழந்தை நல்லா அழுதது. பேடைப் பார்த்தேன், சாதாரணமாகத்தான் நனைந்திருந்தது, எழுதிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்து அந்த அம்மா "சிஸ்டர், காத்தே இல்ல, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இடுப்புக்கு அடியில் கையை விட்டேன், ரப்பர் ஷீட்டின் பள்ளத்தில் தேங்கியிருந்த ரத்தம் மணிக்கட்டு வரை வந்தது. பேடுக்கு வராமல் பின்பக்கமாக வழிந்து போயிருக்கிறது. என் சத்தம் கேட்டு ஓடி வந்த சீனியர் சிஸ்டர் முதலில் வயிற்றில் கை வைத்தார். கர்ப்பப்பை தொப்புளுக்கு மேலே, வலப்பக்கமாக ஒதுங்கி, பிசைந்த மாவு மாதிரி கிடந்தது. ஒரு கையால் தேய்த்துக்கொண்டே என்னைக் கத்தீட்டர் போடச் சொன்னார். முக்கால் லிட்டர் சிறுநீர் வந்தது. அது வடிய வடிய கர்ப்பப்பை அவர் கைக்குக் கீழே இறங்கி, உரித்த தேங்காய் மாதிரி உருண்டு கெட்டியானது. மறுநாள் காலை அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்.

அன்றைக்குப் படித்ததுதான் எனக்கு இன்றைக்கும் பாடம். நிறைந்த மூத்திரப்பை கர்ப்பப்பையைச் சுருங்க விடாது, மேலே தூக்கி ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். "பிரசவமாகி ஒரு மணி நேரம், கர்ப்பப்பை தொப்புளுக்கு மேலே வலப்புறம் இருக்கிறது, முதலில் என்ன செய்வீர்கள்" என்று எந்தப் பரீட்சையில் கேட்டாலும் சிறுநீர் கழிக்க வைப்பதுதான் விடை. அப்புறம், நாடி. இளம் தாய்க்கு நிறைய ரத்தம் போகும் வரை பிபி பிடித்துக்கொண்டிருக்கும், நாடிதான் முதலில் ஓட ஆரம்பிக்கும். பிபி நார்மல் என்று எழுதிவிட்டு நகர்ந்தால் ஏமாந்துவிடுவோம்.

நீ செய்ய வேண்டியதை வரிசையாகவே சொல்கிறேன். டியூட்டிக்கு வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து ஆக்சிடோசின் இருக்கிறதா என்று உன் கண்ணால் பார், அது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும், குளிரில் இருக்க வேண்டிய மருந்து. குழந்தை பிறந்ததும் வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் தசையில் போடு. குழந்தை நன்றாக மூச்சு விட்டால் 1 முதல் 3 நிமிடம் கழித்துக் கொடியை வெட்டலாம், அந்த நேரத்தில் போகும் ரத்தம் குழந்தைக்கு இரும்புச்சத்து. நஞ்சுக்கொடி வந்ததும் விரித்து வைத்து, துண்டு ஏதும் குறைகிறதா என்று வெளிச்சத்தில் பார். பிறகு முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வயிற்றில் உன் கை இருக்கட்டும்.

ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைத்தே சொல்வோம், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அப்படித்தான். அதனால்தான் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வந்திருக்கிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாலு நாடுகளிலும் அந்த விரிப்பால் அளந்து, சிகிச்சையை ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே மூச்சில் கொடுத்துப் பார்த்தார்கள், 2023-ல் முடிவு வந்தது, கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் விபரீதங்களும் 60 சதவீதம் குறைந்திருந்தன. கர்ப்பப்பையைத் தேய்ப்பது, ஆக்சிடோசின், ரத்தம் உறைந்து நிற்க உதவும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் மெதுவாக ரத்த நாளத்தில் (3 மணி நேரத்துக்குள்), டிரிப்ஸ், கிழிசலோ தங்கிய நஞ்சுக்கொடியோ இருக்கிறதா என்று பார்ப்பது, கூடவே உதவிக்கு ஆள் கூப்பிடுவது, இவை எல்லாம் சேர்ந்து நடக்க வேண்டும். விரிப்பு இல்லையென்றால் நனைந்த பேடையும் துணியையும் தராசில் வை, காய்ந்த எடையைக் கழித்துவிடு, ஒரு கிராம் ஏறத்தாழ ஒரு மில்லி. 500 மில்லி வரட்டும் என்று காத்திருக்காதே. மருத்துவ அதிகாரிக்கும் 108-க்கும் சீமாங் சென்டருக்கும் (சிக்கலான பிரசவங்களைப் பார்க்கும் பெரிய அரசு மருத்துவமனைப் பிரிவு) போன் போடுவது முதல் ஐந்து நிமிடத்து வேலை, கடைசி வேலையாக வைத்துக்கொள்ளாதே.

2018-20 கணக்குப்படி உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு நாட்டளவில் 97, தமிழ்நாட்டில் 54. உன்னைப் போல இரவில் தனியாக நிற்கிற பிள்ளைகளின் கைக்கும் அதில் பங்கு இருக்கிறது.

அப்கார் ஸ்கோர் ஒரு நிமிடத்தில்தான் போட வேண்டும் என்றால், மூச்சு விடாத குழந்தைக்கு அந்த ஒரு நிமிடம் வரை காத்திருக்க வேண்டுமா?
*இரண்டாமாண்டு மாணவி, நாகர்கோவில்*

காத்திருக்கக் கூடாது. நல்ல கேள்வி கேட்டாய், நிறைய பேர் இதைக் கேட்காமலே பாஸ் ஆகிவிடுகிறார்கள். வர்ஜீனியா அப்கார் என்ற மயக்க மருந்து நிபுணர் 1953-ல் வெளியிட்ட அளவுகோல் இது. நிறம், இதயத்துடிப்பு, சீண்டினால் முகம் சுளிப்பது, தசை முறுக்கு, மூச்சு என்று ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மார்க். 1-ஆவது நிமிடமும் 5-ஆவது நிமிடமும் போடுவது, 5-ல் 7-க்குக் கீழே இருந்தால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் வரை தொடர்வது. குழந்தை எப்படி இருந்தது என்று பிறகு எழுதி வைப்பதற்கு அது. உயிர்ப்பிப்பதை முடிவு செய்ய மூச்சையும் துடிப்பையும் மட்டும் பார். துடை, சூடாக வை, முதுகைத் தேய், அப்படியும் மூச்சு வரவில்லை என்றால் முதல் நிமிடத்துக்குள் மூச்சு கொடுக்கும் பையும் மாஸ்க்கும் கையில் வந்திருக்க வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை அழுத்து. நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே செய். எழும்பவில்லை என்றால் தலை நிலையையும் மாஸ்க்கையும் சரிசெய், பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.

பேத்தி பிறந்து 2 நாள். நாக்கில் சேனை தொட்டு வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சத்தம் போட்டுவிட்டார். நல்ல குணம் உள்ளவர் கையால் தொட்டு வைத்தால் அந்தக் குணம் வரும் என்பது எங்கள் வழக்கம். வாசலில் கழுதைப்பால்காரரும் வருகிறார், ஒரு சங்கு கொடுத்தால்தான் என்ன?
*பாட்டி, விருதுநகர் மாவட்டம்*

பேத்திக்கு வாழ்த்துகள் அம்மா. சத்தம் போட்டதற்கு அந்தப் பெண் சார்பில் நான் வருத்தப்படுகிறேன், ஆனால் அவர் சொன்ன விஷயம் சரி. சேனையாக வைக்கும் தேனில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கலாம், நமக்கு ஒன்றும் செய்யாது, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் மட்டும் அது முளைத்து நஞ்சைக் கக்கி உடம்பையே தளர வைத்துவிடும். சர்க்கரைத் தண்ணீர் என்றால், முதல் நாள் குழந்தையின் வயிறு ஒரு டீஸ்பூன் அளவுதான், அதில் இதை ஊற்றிவிட்டால் பசி போய்விடும், பால் குடிக்காது, குடிக்காவிட்டால் சுரப்பும் தாமதமாகும். கழுதைப்பால் காய்ச்சாமல் தருவது, எந்தக் கையால் எந்தப் பாத்திரத்தில் கறந்தது என்று நமக்குத் தெரியாது. வசம்பைச் சுட்டு உரசி ஊற்றுவதும் வேண்டாம். அந்த வயதுக் குழந்தைக்கு விழுங்கத் தெரியாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் யாரை நினைத்து வைத்திருக்கிறீர்களோ அவரைக் கூப்பிடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு குழந்தையை மடியில் வாங்கி, தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கட்டும். நாக்குக்குப் போக வேண்டியது சீம்பால் மட்டும். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாக வருகிறதே என்று பிழிந்து கொட்டிவிடாதீர்கள், குழந்தையின் முதல் நோய்த்தடுப்பு அதுதான்.

குழந்தை பிறந்து 6 நாள். பால் போதவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், பவுடர் பால் வாங்கி வைத்துவிட்டார்கள். நிஜமாகவே போதவில்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது சிஸ்டர்?
*ஓர் இளம் தாய், சேலம்*

ஈரத் துணியை எண்ணுங்கள். ஐந்தாறு நாளான குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால், மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருந்தால், பால் போதுமான அளவு போகிறது. முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறையும், 10 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பினால் போதும். அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள், குழந்தை நூறு காரணத்துக்கு அழும்.

மார்பில் பிடித்திருக்கும் விதத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். தாடை மார்பைத் தொட வேண்டும், வாய் அகலமாகத் திறந்திருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும், காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் மேலே கொஞ்சம் தெரிந்து கீழே மறைந்திருக்க வேண்டும். வலித்தால் பிடிப்பு சரியில்லை என்று அர்த்தம், சுண்டு விரலை வாயோரம் விட்டு எடுத்து மறுபடி வையுங்கள். உங்கள் கணக்கில் ஆறு வரவில்லை என்றாலோ குழந்தை குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ இன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் எடை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பிறந்து 4 நாளான மகனுக்கு மஞ்சள் காமாலை. லைட்டில் வைக்க வேண்டும் என்கிறார்கள். காலை வெயிலில் காட்டினால் போதும் என்கிறார் அத்தை. எது சரி?
*வாசகர், அம்பத்தூர்*

அத்தை சொல்வதற்குப் பின்னால் ஓர் உண்மைக் கதை இருக்கிறது, எனக்குப் பிடித்த கதை. 1956 கோடைக்காலம், இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பில் சிஸ்டர் வார்டு என்ற செவிலியர். குழந்தைகளுக்கு வெயிலும் காற்றும் படட்டும் என்று முற்றத்துக்குத் தூக்கிப் போவது அவர் வழக்கம். ஒருநாள் ஒரு குழந்தையின் துணியை விலக்கி டாக்டர்களிடம் காட்டினார், உடம்பெல்லாம் வெளுத்திருக்க, ஓரிடத்தில் மட்டும் முக்கோணமாக மஞ்சள். அங்கே ஏதாவது பூசினீர்களா என்று கேட்டார்கள். துணியின் முனை மூடியிருந்த இடம் அது, மற்ற இடமெல்லாம் வெயில் பட்டு மஞ்சள் போயிருக்கிறது என்று விளங்க வைத்தார். பிறகு வெயிலில் இருந்துவிட்ட சோதனைக் குழாய் ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சளைத் தரும் பொருள்) குறைந்திருந்ததும் தெரியவர, அங்கிருந்த கிரீமர் என்ற டாக்டரும் மற்றவர்களும் விளக்குப் பெட்டி செய்து சோதித்து 1958-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க எரிகிற அந்த நீல விளக்குக்குத் தொடக்கம், ஒரு நர்ஸ் துணியை விலக்கிப் பார்த்தது.

ஆனால் உங்கள் மகனுக்கு வெயில் போதாது. வேலை செய்வது வெளிச்சத்தின் நீலப் பகுதி, 460-490 நானோமீட்டர். விளக்கில் அது அளந்து கிடைக்கும். வெயிலில் எவ்வளவு கிடைக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதற்குள் குழந்தை குளிர்ந்துபோகலாம் அல்லது தோல் கருகலாம், எல்லாவற்றையும்விட நேரம் போய்விடும். டாக்டர் விளக்கு வேண்டும் என்றால் வையுங்கள். கண்ணை மூடி, டயப்பரோடு மட்டும் படுக்க வைப்பார்கள், 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பால் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பால் குடித்தால்தான் மலத்தோடு மஞ்சள் வெளியேறும்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினால், குடிக்காமல் சுருண்டு படுத்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகிறது என்றால் அது வேறு நோய், பித்தநாள அடைப்பாக இருக்கலாம், அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். மலத்தின் நிறத்தைப் பற்றி வெட்கப்படாமல் சொல்லுங்கள், முடிந்தால் டயப்பரையே எடுத்துக்கொண்டு போங்கள்.

எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வுக்குப் படிக்கிறேன். மெக்னீசியம் சல்ஃபேட் கணக்கும், அது கொடுக்கும்போது முழங்காலைத் தட்டிப் பார்ப்பது ஏன் என்பதும் புரியவில்லை மேடம்.
*வாசகி, பெரம்பலூர்*

கர்ப்பகாலத்தில் பிபி ஏறி வரும் ஃபிட்ஸுக்கு (வலிப்புக்கு) கொடுக்கும் மருந்து இது. நம் ஊரில் ஆம்பூல் 2 மில்லி, 50 சதவீதம். அதாவது ஓர் ஆம்பூல் ஒரு கிராம். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும். ரத்த நாளத்தில் போடும் முதல் அளவு 4 கிராம், 4 ஆம்பூல், 8 மில்லி. அதோடு 12 மில்லி சேர்த்து 20 மில்லியாக்கினால் 20 சதவீதம் ஆகிறது, மெதுவாகப் போட வேண்டும். அப்புறம் 10 கிராம் தசையில், ஒவ்வொரு புட்டத்திலும் 5 கிராம், 10 மில்லி, ஆழமாக. பிறகு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றி. பிரசவமோ கடைசி ஃபிட்ஸோ, எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் வரை.

இந்த மருந்து நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியைத் தடுக்கிறது. அளவு கூடினால் முதலில் போவது முழங்கால் உதறல், அதற்கும் மேலே போனால் மூச்சு நிற்கும். உதறல் இருக்கும் வரை மூச்சுக்கு ஆபத்து தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வெளியேற இருக்கும் ஒரே வழி சிறுநீரகம், அதனால்தான் 4 மணி நேரத்தில் 100 மில்லியாவது சிறுநீர் வந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். உதறல் இருக்க வேண்டும், மூச்சு 16-க்குக் குறையக் கூடாது, சிறுநீர் வர வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த ஊசியை எடுக்காதே, டாக்டரைக் கூப்பிடு. மாற்று மருந்து கால்சியம் குளுகோனேட் 10 சதவீதம், 10 மில்லி, மெதுவாக ரத்த நாளத்தில். அந்த ஆம்பூல் அலமாரியில் இருந்தால் போதாது, கட்டிலுக்குப் பக்கத்து டிரேயில் இருக்க வேண்டும்.

இது பிபி மருந்து என்று நிறைய பேர் எழுதி மார்க்கை விடுகிறார்கள். இது ஃபிட்ஸைத் தடுக்க, பிபிக்கு லபெட்டலால், நிஃபெடிபின் தனி. பிரசவமானதும் ஆபத்து முடிந்துவிடுவதும் இல்லை. குழந்தையைப் பெற்றுப் படுத்திருக்கும் அம்மா "தலை பிளக்குது, கண்ணு மங்குது" என்றால் தூக்கமில்லாததால் என்று நினைக்காமல் பிபி கட்டைச் சுற்று.

காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி கொடுப்பது என்று ஒவ்வொரு தடவையும் குழப்பம். போன மாதம் சொட்டு மருந்து தீர்ந்து, சிரப்பை அதே அளவு கொடுத்தேன், காய்ச்சல் இறங்கவில்லை.
*ஒரு தாய், திருப்பூர்*

நல்லவேளை, இந்தப் பக்கமாகத் தவறியது. சிரப் அளவுக்குச் சொட்டு மருந்தைக் கொடுத்திருந்தால் கல்லீரலுக்கு ஆபத்து. பாரசிட்டமால் வயதுக்குக் கணக்கில்லை, எடைக்குத்தான். கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 100, அதனால் 1.5 மில்லி. 5 மில்லியில் 125 என்ற சிரப் என்றால் 6 மில்லி. 5 மில்லியில் 250 என்ற சிரப் என்றால் 3 மில்லி. மூன்றும் ஒரே மருந்து! பாட்டிலைத் திருப்பி அந்த எண்ணைப் படித்த பிறகே மூடியைத் திறங்கள். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். சமையல் ஸ்பூனால் அளக்காதீர்கள், கூடவே வரும் மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ பயன்படுத்துங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு மருந்தே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

ஜன்னி வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், வாயில் ஸ்பூனும் விரலும் வேண்டவே வேண்டாம். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. சீக்கிரம் நின்றுவிட்டாலும் முதல் தடவை என்றால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பாதிப் பாதியாகக் கலக்கலாமா?
*வாசகி, கடலூர்*

கூடாது. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில், 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி மூளையைப் பாதிக்கும். சின்னக் குழந்தைக்கு 200 மில்லி பாக்கெட்டே கேட்டு வாங்குங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மறுபடி ஆரம்பியுங்கள். துத்தநாக மருந்தை 14 நாளும் கொடுங்கள், பேதி நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். 1971-ல் வங்காள எல்லையில் அகதிகள் முகாமில் டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோன நேரம், டாக்டர் திலீப் மஹலநபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலந்து குடிக்கக் கொடுத்தே காலராவிலிருந்து ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். அம்மாக்களும் உறவினர்களுமே அங்கே கையால் ஊட்டினார்கள்.

லேபர் வார்டு போஸ்டிங்கில் ஒரு அக்காவுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அவர் பக்கத்தில் போகவே எனக்குத் தைரியம் வரவில்லை. என்ன பேச வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை மேடம்.
*பெயர் வேண்டாம், இரண்டாமாண்டு மாணவி*

சொல்லித் தராதது எங்கள் தலைமுறையின் குறை. பேச எதுவும் தேட வேண்டாம்மா. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார். "இன்னொன்று பெத்துக்கலாம்", "எல்லாம் நல்லதுக்குத்தான்" இரண்டையும் சொல்லாதே. குழந்தையைப் பார்க்க வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேள், வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை கேள். தருவதாக இருந்தால் மற்ற குழந்தையைப் போலவே துடைத்து, துணி சுற்றி, தலையைத் தாங்கிக் கொடு. முடிந்தால் கட்டிலை மாற்றச் சொல்லி சீனியரிடம் கேள், பக்கத்துக் கட்டிலில் குழந்தை அழும் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருப்பது கொடுமை.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லி அனுப்பு. மூன்றாம் நாள் வாக்கில் அவருக்குப் பால் கட்டும். இதை யாரும் சொல்வதில்லை, வீட்டில் திடீரென்று ஜாக்கெட் நனையும்போது அந்த அம்மா உடைந்துபோகிறார். உடம்புக்குக் குழந்தை இல்லை என்பது தெரியாது, அதனால் சுரக்கும், சில நாளில் தானாக நின்றுவிடும் என்று சொல். நன்றாகத் தாங்கும் உள்ளாடை போட்டு, குளிர்ந்த துணி வைத்துக்கொள்ளட்டும். நெஞ்சு கல்லாகக் கனத்தால் வலி குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிடலாம், முழுசாக எடுத்தால் மறுபடி சுரக்கும். நிறுத்துவதற்கு மாத்திரை உண்டு, பிபி இருந்தவருக்கு அது ஆகாது, டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சிவந்து காய்ச்சல் வந்தால் வரச் சொல். தையல், ரத்தப்போக்கு, பிபி பற்றி மற்ற தாய்க்குச் சொல்வதையெல்லாம் இவருக்கும் சொல்ல வேண்டும், குழந்தை இல்லை என்பதால் பல நேரம் இவர்களுக்கு அந்த அறிவுரையே விட்டுப்போகிறது.

டிஸ்சார்ஜ் அன்று அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிடச் சொல். இல்லாவிட்டால் ஆறாவது வாரம் தடுப்பூசி நாளில், குழந்தையை ஏன் தூக்கி வரவில்லை என்று யாராவது வாசலில் வந்து நிற்பார்கள்.